ஏழு நிமிஷப் படம்

கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனை.
புதன்கிழமை போர்டு.
கம்பிக் கூண்டுக்குள் ஒரு டிவி,
ஓசை இல்லை,
பழைய கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்.

ஒரு பன்றி, ஒரு சேவல், ஒரு கரடி
வீடு கட்டுகிறார்கள்.
பன்றிக்குக் கால்சட்டை உண்டு, சட்டை கிடையாது.
சேவலுக்குத் தொப்பி மட்டும்.
கரடி மேஸ்திரியாக இருக்க வேண்டும்,
வேலையே செய்யவில்லை.
மூவருக்கும் வெள்ளைக் கையுறை.

கயிற்றில் ஏறுகிறது கல்.
பர்கூர் யார்டில் பன்னிரண்டு வருஷம் நின்றவனுக்குக்
கயிற்றைப் பார்த்தாலே தெரியும்.
"ஏய், தள்ளு" என்றேன் பன்றியிடம்.
பக்கத்து நாற்காலி அம்மா
தன் பையைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

விழுந்தது.

பன்றி தோசையானது.
சேவல் வந்து சுருட்டி, கக்கத்தில் இடுக்கி,
கொடியில் போட்டு க்ளிப் மாட்டியது.
கொடியில் தொங்கியபடியே பன்றி
கட்டைவிரலை வாயில் வைத்து ஊத
புஸ்ஸென்று வயிறு வந்தது,
வால் வந்தது,
கடைசியாகக் காது.
கால்சட்டையைத் தட்டிவிட்டு
அதே கல்லுக்குக் கீழே போய் நின்றது.

ஹாலே சிரித்தது.
காலில் கட்டுப் போட்டவர் கட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.
நானும்தான்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு வந்த மகள்
எண்ணிக்கொண்டிருந்தாள்.
"அப்பா, பன்னிக்கு நாலு விரல்.
கோழிக்கு நாலு. கரடிக்கும் நாலு.
உனக்கும்!"
என் வலக்கையைத் தூக்கி
டிவிக்குக் காட்டினாள்.

ஊசி போட வந்த பையன் ஒருவன்,
ஓசூரில் ஏதோ கம்ப்யூட்டரில் படம் வரைகிறானாம், சொன்னான்:
"அப்பல்லாம் ஒவ்வொரு தாளும் கையால வரையணும்ணா.
ஏழு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல தாளு.
ஒரு விரலைக் குறைச்சா
அத்தனை தாளுலயும் ஒரு விரல் மிச்சம்.
பாக்கறவனுக்குத் தெரியாது."

மிச்சம்.
பாலிஷ் மெஷின் மூடியைக் கழற்றி வைத்த அன்றும்
இதே சொல்தான்.
மூடி இல்லாவிட்டால் பலகைக்கு நாலு நிமிஷம் மிச்சம்
என்றார் சூப்பர்வைசர் ருத்ரப்பா.
கெட்டவர் இல்லை.
என்னைப் பைக்கில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்ததே அவர்தான்.
விரலைத் தேடி எடுத்துத்
தன் டிபன் பாக்ஸில் வைத்துக் கொடுத்தவள் சாக்கம்மா.
"காலையில புளிசோறு இருந்தது, வாசம் வரும்ணா" என்று
மன்னிப்பு வேறு கேட்டாள்.

அந்தக் கல்லுக்குப் பெயர் பாரடைஸோ.
கடல் தாண்டி யார் வீட்டிலோ
சமையல் மேடையாகிவிட்டது இந்நேரம்.
நன்றாகக் கழுவித்தான் அனுப்பினார்கள்.

முப்பத்தொன்று!

டாக்டர் மடக்கச் சொன்னார், மடக்கினேன்.
விரி. பேனாவைப் பிடி. விடு.
ஸ்கேலை வைத்து
இல்லாத இடத்தை அளந்தார்.
"சுண்டுவிரல்தானே. ஏழு சதவீதம்."

அவர் குனிந்து எழுதுகிற நேரத்தில்
கட்டைவிரலை வாயில் வைத்து
ஒருதரம் ஊதிப் பார்த்தேன்.
கன்னம்தான் உப்பியது.
மகள் பார்த்துவிட்டாள்.
"இன்னும் பலமா ஊதுப்பா."

வெளியே, படம் மறுபடி முதலிலிருந்து.
ரிமோட் தொலைந்து மாசம் ரெண்டாகிறதாம்,
இது ஒன்றுதான் ஓடும்.
பன்றி நிற்கிறது, கயிறு ஏறுகிறது.
புதிதாக வந்தவர்கள் சிரிக்கக் காத்திருக்கிறார்கள்.
எழுந்து உள்ளே போன முப்பத்திரண்டு
சீட்டை இரு உள்ளங்கைக்கும் நடுவே
அமுக்கிப் பிடித்திருந்தார்.
இரண்டிலும் கட்டைவிரல் இல்லை.

பன்றி ஊத ஆரம்பிப்பதற்குள்
மகளை இழுத்துக்கொண்டு
பர்கூர் பஸ்ஸுக்கு ஓடினேன்.